ஓனர் மாறலாம்... ஊர் மாறலாமா? கால்பந்து ரசிகர்கள் கேட்டு வைக்கவேண்டிய கேள்விகள்!

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் பாதையில், மணப்பாறையைத் தாண்டினால் வையம்பட்டி. அங்கிருந்து சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். சென்னையின் எஃப்.சி ஆடுவதை நேரில் பார்க்கவேண்டும் என்றால் ராத்திரிப் பயணம், ஒரு நாள் லீவு, வீட்டில் ஒரு பொய் என்று மூன்றையும் ஏற்பாடு செய்யவேண்டும். அதனால் இந்தப் பக்கத்து ரசிகர்களில் பெரும்பாலோருக்கு டீம் என்பது போன் ஸ்கிரீனில் ஓடும் நீலச் சட்டைகள்தான். ஆனாலும், அந்த டீம் தோற்றால் ராத்திரி சாப்பாடு இறங்காது. ஜெயித்தால் மறுநாள் காலேஜ் பஸ்ஸில் அவர்கள் பேச்சுதான் ஓங்கும்.

இந்தப் பாசத்துக்கு எந்த ஆவணமும் கிடையாது. அதுதான் சிக்கல். கடந்த சில வருடங்களில் இந்தியக் கால்பந்தில் அணிகள் கைமாறிய விதத்தைப் பார்த்தால், ரசிகர்களுக்குக் கடைசியில் என்ன மிஞ்சியது என்பதை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானித்திருக்கிறது: அவர்கள் கையில் எழுத்தில் ஏதாவது இருந்ததா, இல்லையா?

முதலில், என்னதான் நடந்தது?

2010-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை ரிலையன்ஸ் சார்ந்த நிறுவனத்துக்கு 15 வருடங்களுக்குக் கொடுத்தது. மொத்தம் 700 கோடி ரூபாய் ஒப்பந்தம். அதிலிருந்து பிறந்ததுதான் 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். அந்த 15 வருடம் 2025 டிசம்பர் 8-ம் தேதி முடிந்தது. அதற்கு முன்பே, 2025 ஜூலையில், ‘அடுத்த ஒப்பந்தம் என்னவென்று தெரியாமல் சீசனை நடத்த முடியாது’ என்று லீகை நடத்தும் நிறுவனம் நிறுத்தி வைத்துவிட்டது.

ஆகஸ்ட்டில் பெங்களூரு எஃப்.சி தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. அடுத்த சில நாள்களில் சென்னையின் எஃப்.சி-யும் தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டு முறை கோப்பை ஜெயித்த அணி. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, சொந்த ஊர் அரையிறுதியைக்கூடப் புனேயில் ஆடி, பிறகு கோவாவில் போய் 3-2 என்று கப் ஜெயித்த அணி. 2018-ல் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே மறுபடி 3-2 என்று சாய்த்த அணி. அதற்கே ‘தற்காலிக நிறுத்தம்’.

நவம்பரில் லீகின் உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. உச்ச நீதிமன்றம், மத்திய அரசு என்று பல வாசல் ஏறி இறங்கி, கடைசியில் 2026 பிப்ரவரி 14-ம் தேதி 14 அணிகளுடன் சீசன் தொடங்கும் என்று விளையாட்டுத் துறை அமைச்சர் ஜனவரியில் அறிவித்தார். வழக்கமான இரண்டு சுற்றுக்குப் பதில் ஒரே சுற்று, 91 ஆட்டங்கள்.

இதற்கு நடுவே, 2025 டிசம்பர் கடைசியில் மும்பையிலிருந்து ஒரு செய்தி வந்தது. மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் சிட்டி ஃபுட்பால் குரூப், மும்பை சிட்டி எஃப்.சி-யில் 2019-ல் வாங்கிய 65 சதவிகிதப் பங்கைவிட்டு வெளியேறுகிறது என்பதுதான் அது. லீகின் எதிர்காலம் தெளிவாக இல்லை என்பதையும் காரணமாகச் சொன்னார்கள். உலகத்தின் பெரிய கால்பந்துக் குழுமமே கிளம்பிவிட்டது என்றால், மற்ற அணி ரசிகர்களின் வயிற்றில் புளியைக் கரைக்காதா?

அபிஷேக் பச்சன், மகேந்திர சிங் தோனி, விட்டா டானி என்று சென்னையின் எஃப்.சி-க்குப் பெரிய பெயர்கள் பின்னால் இருக்கின்றன. ‘தோனி இருக்கார்ல... பார்த்துக்குவார்’ என்று நம் ஊர் ரசிகர்கள் சொல்வது வழக்கம். கேரளாவிலும் அப்படித்தான் சொன்னார்கள். சச்சின் டெண்டுல்கர் 2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸின் முகமாக வந்தார். அவர் பட்டப்பெயரிலிருந்துதான் அணிக்கே பெயர் கிடைத்தது. 2018 செப்டம்பரில் தன் பங்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. நட்சத்திர ஓனர் என்பது விளம்பரத்துக்கு நல்லது. அதையே உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விற்கும்போது கைமாறுவது எது?

நாம் டீம் என்று சொல்வதும் ஓனர் டீம் என்று சொல்வதும் வேறு வேறு. நமக்கு டீம் என்றால் நிறம், பாட்டு, ஊர்ப் பெயர், ஒரு பழைய கோல். சட்டப்படி டீம் என்பது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அந்தக் கம்பெனியிடம் லீகில் ஆட ஓர் இடம், வீரர்களுடன் ஒப்பந்தங்கள், லோகோ, கொஞ்சம் உபகரணங்கள், நிறைய கடன். விற்பனை என்றால் இவைதான் கைமாறும். இதில் மிக விலை மதிப்புள்ளது லீகில் இருக்கும் அந்த இடம். ஊர் என்பது அந்த இடத்துடன் ஒட்டி வரும் ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

நம்ப முடியவில்லையா? இந்தக் கதையைப் பாருங்கள். டெல்லிக்கு டெல்லி டைனமோஸ் என்று ஒரு அணி இருந்தது. 2019-ல் அது புவனேஸ்வருக்குக் குடிபெயர்ந்து ஒடிஷா எஃப்.சி ஆனது. அதே 2019-ல் புனே சிட்டி அணி மூடப்பட்டு, அதன் இடத்தில் ஹைதராபாத் எஃப்.சி வந்தது. ஹைதராபாத் 2022 மார்ச்சில் ஐ.எஸ்.எல் கோப்பையையே ஜெயித்தது. அடுத்த இரண்டு வருடத்தில் சம்பள பாக்கி, வீரர்கள் வெளியேற்றம், 2023-24 சீசன் முழுவதற்கும் ஒரே ஒரு வெற்றி. பிறகு ஜிண்டால் குழுமம் வாங்கியது. 2025-ல் அணி டெல்லிக்குப் போய் ‘ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி’ ஆகிவிட்டது.

ஆக, 2019-ல் டெல்லி இழந்ததை 2025-ல் ஹைதராபாத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. ஹைதராபாத் தன் இடத்தை 2019-ல் புனேயிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் சீட் மாறி உட்காருவதுபோல ஊர்கள் மாறின. ஹைதராபாத்தில் கோப்பை ஜெயித்த ராத்திரி அழுதவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை.

திருச்சிக்காரர்களுக்கு இது புதுசா?

கால்பந்தை விடுங்கள். கிரிக்கெட்டில் நாமே இதைப் பார்த்திருக்கிறோம். டி.என்.பி.எல் 2016-ல் தொடங்கியபோது நம் அணியின் பெயர் ரூபி திருச்சி வாரியர்ஸ். 2023-ல் அது பால்சி திருச்சி. அதற்குப் பிறகு திருச்சி கிராண்ட் சோழாஸ். பெயர் இரண்டு முறை மாறினாலும் ‘திருச்சி’ என்ற சொல் தங்கியதால் நாம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

பக்கத்தில் இருக்கும் காரைக்குடிக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. காரைக்குடி காளை என்று ஓர் அணி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அது திருப்பூர் தமிழன்ஸ் ஆகிவிட்டது. தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. 2025-ல் திருப்பூர் தமிழன்ஸ் திண்டுக்கல்லைத் தோற்கடித்து டி.என்.பி.எல் சாம்பியன் ஆனபோது திருப்பூர் கொண்டாடியது, நியாயம்தான். ஆனால், ஆரம்ப வருடங்களில் காளைக்காக விசிலடித்த காரைக்குடிப் பையனுக்கு அந்தக் கோப்பையில் என்ன பங்கு?

இதற்கு நேர்மாறான அனுபவமும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸைத் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் வசம் போனது. சிமென்ட் கம்பெனி கைமாறியும் மஞ்சள் சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், 2015-லேயே கிரிக்கெட் அணியைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, அதன் பங்குகளை இந்தியா சிமென்ட்ஸ் பங்குதாரர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ரசிகர்களின் அன்பு அந்த அணியைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது அந்தப் பிரிவினைப் பத்திரம். இதைத்தான் முதலிலேயே சொன்னேன், எழுத்தில் இருப்பதுதான் நிற்கும் என்று.

கோவையில் காணாமல்போன சாம்பியன்

தமிழ்நாட்டுக் கால்பந்தின் மிகப்பெரிய இழப்பு சென்னையில் நடக்கவில்லை, கோவையில் நடந்தது. சென்னை சிட்டி எஃப்.சி என்ற அணி, கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஐ-லீக் ஆடியது. 2019 மார்ச் 9, கடைசி நாள் ஆட்டம். ஜெயித்தால் சாம்பியன், இல்லாவிட்டால் ஈஸ்ட் பெங்கால். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் போட, 3-1 என்று கோவை ஸ்டேடியமே அதிர்ந்தது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

அதே சமயத்தில், சுவிட்சர்லாந்தின் எஃப்.சி பாசல் கிளப் அணியின் 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. ஐரோப்பியப் பங்குதாரர், அகாடமி, பயிற்சியாளர்கள் என்று பேச்சு. நம் ஊர்ப் பையன்கள் பாசல் வரை போவார்கள் என்று கனவு.

நடந்தது வேறு. அந்த சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்-லில் இடம் கிடையாது. அப்போது கீழ் லீகிலிருந்து மேலே ஏறும் வழியே இல்லை. அந்தக் கதவு 2023-ல்தான் திறந்தது, முதலில் நுழைந்தது பஞ்சாப் எஃப்.சி. இதற்கிடையில் 2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பின் திட்டப்படி ஐ.எஸ்.எல்-தான் நாட்டின் முதல்நிலை லீக் என்று உறுதியானது. ஐ-லீக் கிளப்பில் பணம் போட யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. பிறகு கொரோனா. 2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவே இல்லை. அறிவிப்பு, வழியனுப்பு எதுவும் இல்லாமல் ஒரு சாம்பியன் கரைந்துபோனது.

இதில் யாருக்கு நஷ்டம்? அந்த அணியில் தமிழ்நாட்டு வீரர்கள் நிறைய பேர் ஆடினார்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால் அங்கிருந்துதான் 2019-ல் சென்னையின் எஃப்.சி-க்கு வந்தார். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அங்கே ஆடித்தான் ஐ.எஸ்.எல் கண்ணில் பட்டார். திருச்சி, திண்டுக்கல், மணப்பாறைப் பக்கத்தில் பந்து உதைக்கும் ஒரு பையனுக்கும் பெரிய லீகுக்கும் நடுவே இருந்த படிக்கட்டு அது. அணி போனதும் அந்தப் படியும் போய்விட்டது. ஓனர்ஷிப் என்பது ஏதோ பிசினஸ் பக்கத்துச் செய்தி என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

கொல்கத்தாவில் மட்டும் எப்படி முடிந்தது?

2020 ஜனவரியில் மோகன் பகானும் ஏ.டி.கே அணியும் இணைவதாக அறிவிப்பு. ஆர்.பி.எஸ்.ஜி குழுமத்துக்கு 80 சதவிகிதம். அணியின் பெயர் ‘ஏ.டி.கே மோகன் பகான்’. 1889-ல் தொடங்கி, 1911-ல் வெறுங்காலுடன் ஆடி ஆங்கிலேய ராணுவ அணியை வீழ்த்திய கிளப்பின் பெயருக்கு முன்னால், 2014-ல் வந்த ஓர் அணியின் மூன்றெழுத்து. ரசிகர்கள் விடவில்லை. ‘ஏ.டி.கே-வை நீக்கு’ என்பது மேட்ச்சுக்கு மேட்ச் பேனராக, கோஷமாக, சமூக ஊடகத்தில் ஹேஷ்டேக்காக மூன்று வருடம் ஓடியது. 2023 மார்ச்சில் அணி ஐ.எஸ்.எல் கோப்பை ஜெயித்த ராத்திரியே, பெயர் மாறும் என்று ஓனர் சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். ஜூன் முதல் ‘மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்’. பாதி வெற்றிதான் என்றாலும், மோகன் பகான் என்ற பெயர் முன்னால் வந்துவிட்டது.

எதிர்முகாமான ஈஸ்ட் பெங்காலின் கதை இன்னும் சிக்கலானது. 2018-ல் குவெஸ் 70 சதவிகிதம் வாங்கியது, 2020-ல் விலகியது. அடுத்து ஸ்ரீ சிமென்ட் 76 சதவிகிதத்துடன் வந்தது. ஆனால், இறுதி ஒப்பந்தத்தில் உறுப்பினர்களின் உரிமை பறிபோகும் என்று கிளப் நிர்வாகிகள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். 2021 ஜூலையில் கிளப் வாசலில் ரசிகர்கள் இரண்டு தரப்பாகப் பிரிந்து மோதினார்கள். ‘கையெழுத்துப் போடு, இல்லையென்றால் அணியே இருக்காது’ என்றது ஒரு தரப்பு. ‘போட்டால் கிளப்பே நம்முடையதாக இருக்காது’ என்றது இன்னொரு தரப்பு. போலீஸ் தடியடியில் முடிந்தது. 2022-ல் ஸ்ரீ சிமென்ட் போய், எமாமி வந்தது. 2024 ஜனவரியில் சூப்பர் கப் ஜெயித்து, 12 வருட தேசியக் கோப்பைப் பஞ்சத்தைத் தீர்த்துக்கொண்டார்கள்.

நான்கு வருடத்தில் மூன்று முதலீட்டாளர்கள். அப்படியும் ஈஸ்ட் பெங்கால் கொல்கத்தாவைவிட்டு எங்கும் போகவில்லை. சிவப்பு-மஞ்சள் மாறவில்லை. ஹைதராபாத் ரசிகர்களைவிட கொல்கத்தா ரசிகர்களுக்குப் பாசம் அதிகம் என்பதாலா? கூட்டமும் வரலாறும் அதிகம் என்பது உண்மை. ஆனால், அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு கிளப்களும் அடிப்படையில் உறுப்பினர் சங்கங்கள். சந்தா கட்டும் உறுப்பினர்கள், தேர்தல், நிர்வாகக் குழு என்று ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. முதலீட்டாளர் யாராக இருந்தாலும் பெயரையும் சின்னத்தையும் அந்தச் சங்கத்திடம்தான் கேட்டு வாங்கவேண்டும். கதவைத் தட்டித்தான் உள்ளே வரமுடியும் என்பதால், வெளியே நிற்கும் ரசிகனின் சத்தம் காதில் விழுகிறது.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

மான்செஸ்டர் யுனைடெட், செல்சி என்று ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மேட்ச் பார்க்கும் கூட்டம் நம் ஊரிலும் உண்டு. அங்கே ஓனர் மாறிய கதைகள் அவர்களுக்கு அத்துப்படி. 2005-ல் கிளேசர் குடும்பம் யுனைடெட்டை வாங்கியபோது, ஒரு பகுதி ரசிகர்கள் வெளியேறி ‘எஃப்.சி யுனைடெட்’ என்று தனிக் கிளப்பே ஆரம்பித்தார்கள். 2002-ல் லண்டனின் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு மாற்ற அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் ஏ.எஃப்.சி விம்பிள்டனை உருவாக்கினார்கள். அடிமட்ட லீகிலிருந்து ஏறி, 2011-ல் தொழில்முறை லீகுக்கு வந்து, 2020 நவம்பரில் தங்கள் பழைய தெருவான பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். 18 வருடம்!

கார்டிஃப் சிட்டியின் மலேசிய ஓனர் வின்சென்ட் டான் 2012-ல் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். அதிர்ஷ்ட நிறமாம். ரசிகர்கள் ஓயவில்லை, 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. இப்படிப்பட்ட அனுபவங்களின் தொடர்ச்சிதான் இங்கிலாந்தில் 2025 ஜூலையில் வந்த கால்பந்து ஆளுமைச் சட்டம். இனி கிளப்பின் சின்னத்தையோ சொந்த மைதானச் சட்டையின் நிறத்தையோ மாற்ற, பெரும்பான்மை ரசிகர்களின் ஆதரவு வேண்டும். மைதானத்தை விற்கவோ வேறு இடத்துக்கு மாற்றவோ சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும்.

ஜெர்மனியில் ‘50+1’ விதி பிரபலம். சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடம்தான் இருக்கவேண்டும். 2024-ல் லீகின் வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குக் கொடுக்க முயன்றபோது, ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் பேச்சுவார்த்தையே கைவிடப்பட்டது.

கோவைக்கு வந்த பாசலின் கதையும் இங்கே பொருந்தும். அந்த ஊர் ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு இந்திய முதலீடே பிடிக்கவில்லை. 2021-ல் பாசல் கிளப்பே வெளி முதலீட்டாளருக்குப் போகும் நிலை வந்தபோது அவர்கள் வீதிக்கு வந்தார்கள். கடைசியில் முன்னாள் வீரர் டேவிட் டேகன் கைக்கு கிளப் போனது. அங்கேயும் உறுப்பினர் சங்கம் ஒன்று இருந்தது. ஒரே காலகட்டத்தில் பாசல் ரசிகர்கள் தங்கள் கிளப்பின் விற்பனையைத் திசைமாற்றினார்கள். கோவை ரசிகர்கள் தங்கள் கிளப் மறைந்ததைச் செய்தியில் தெரிந்துகொண்டார்கள்.

நம் நாட்டில்? 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம், விளையாட்டுச் சம்மேளனங்கள், தேர்தல், தீர்ப்பாயம், வீரர்களின் பிரதிநிதித்துவம் பற்றிப் பேசுகிறது. ஒரு தனியார் கிளப் கைமாறும்போது ரசிகர்களுக்கு என்ன உரிமை என்பது அதன் வேலையில் வரவில்லை.

அப்போ ஓனர்கள்தான் வில்லன்களா?

அப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கணக்கைப் பாருங்கள். வீரர்கள் சம்பளம், பயணம், மைதான வாடகை, அகாடமி என்று செலவு கோடிக்கணக்கில். டிக்கெட்டிலும் ஜெர்ஸியிலும் வருவது அதில் சிறு பகுதி. டி.வி உரிமைப் பணமும் ஸ்பான்சரும்தான் பெரிய வருமானம். லீகே நிற்குமா என்று தெரியாதபோது இரண்டும் வற்றிவிடும். வருடாவருடம் நஷ்டத்தைத் தன் கையிலிருந்து நிரப்புபவர் ஒரு நாள் ‘போதும்’ என்றால், அவர் சட்டையைப் பிடிக்க முடியுமா?

புது ஓனரால் நல்லதும் நடக்கும். சிட்டி குரூப் வந்த பிறகுதான் மும்பை சிட்டி 2020-21-ல் லீக் ஷீல்டு, கோப்பை இரண்டையும் ஒரே சீசனில் ஜெயித்தது. அதற்கு முன் அவர்களிடம் ஒரு கோப்பையும் இல்லை. ஈஸ்ட் பெங்கால் கதையில் கிளப் நிர்வாகிகள் எல்லோரும் தியாகிகளும் இல்லை. தங்கள் நாற்காலியைக் காப்பாற்றத்தான் உறுப்பினர் உரிமையைப் பேசினார்கள் என்று சொன்ன ரசிகர்களும் உண்டு.

ஆகவே ‘புது ஓனர் நல்லவரா, கெட்டவரா’ என்று ஆராய்வதில் பெரிய பயன் இல்லை. நல்லவரும் ஒரு நாள் விற்பார். அவர் விற்கும்போது எதையெல்லாம் விற்க முடியாது என்று முன்பே எழுதி வைத்திருக்கிறோமா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ரசிகர்கள் என்ன செய்யலாம்?

முதலில், அறிகுறிகளைக் கவனியுங்கள். அணி திடீரென்று ஒரே நாளில் காணாமல்போவதில்லை. சம்பள பாக்கிப் புகார், புது வீரர்களை எடுக்க ஃபிஃபா தடை, கிளப் லைசென்ஸ் கிடைக்காமல் இழுபறி, சொந்த மேட்ச்சை வேறு ஊரில் ஆடுவது, பெண்கள் அணியையோ ஜூனியர் அணிகளையோ நிறுத்துவது - இவை வீட்டு ஓட்டில் விழும் முதல் விரிசல்கள். ஹைதராபாத்தில் இவற்றில் பல முன்கூட்டியே தெரிந்தன.

இரண்டாவது, காகிதத்தைப் படியுங்கள். கிளப் ஒரு பதிவு பெற்ற கம்பெனி என்பதால், அதன் இயக்குநர்கள் யார் என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம். சிறு கட்டணம் கட்டினால் வருடாந்தரக் கணக்கையும் பார்க்கலாம். காமர்ஸ் படித்த ஒரு நண்பர் போதும், நஷ்டம் எவ்வளவு, கடன் யாரிடம் என்று சொல்லிவிடுவார்.

மூன்றாவது, கூட்டத்தைச் சங்கமாக்குங்கள். சென்னையின் எஃப்.சி-க்கு சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று துடிப்பான ரசிகர் குழுக்கள் உண்டு. பாட்டும் டிரம்மும் அவர்கள் பலம். அந்தப் பலம் பேச்சுவார்த்தை மேசைக்கும் வரவேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். பதிவு எண்ணும் லெட்டர்ஹெட்டும் இருக்கும் சங்கத்தின் கடிதத்தை, வாட்ஸ்அப் குரூப்பின் புலம்பலைப்போல ஒதுக்க முடியாது. கேரளா பிளாஸ்டர்ஸ் 2025 தொடக்கத்தில் ரசிகர் ஆலோசனைக் குழு அமைப்பதாக அறிவித்தது. ரசிகர்கள் எதிர்ப்புக் காட்டியதற்குப் பிறகு நடந்தது அது. இங்கே ஏன் கேட்கக் கூடாது?

நான்காவது, ஓனர் மாறும் பேச்சு எழுந்தால் கேட்கவேண்டியவை ஐந்தே ஐந்து. ஊர்ப் பெயர் எத்தனை வருடத்துக்கு உறுதி? நிறமும் சின்னமும் மாறினால் ரசிகர்களிடம் கேட்பீர்களா? சொந்த மைதானம் எது? அகாடமியும் ஜூனியர் அணிகளும் தொடருமா? பழைய சம்பள பாக்கி யார் பொறுப்பு? இந்த ஐந்துக்கும் வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்!

ஐந்தாவது, தூரத்து ரசிகர்களுக்கு. வையம்பட்டியிலும் துறையூரிலும் இருப்பவர்களை எந்த கிளப்பும் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் நாம் டிக்கெட் வாங்குவதில்லை. ஆனால் டி.வி உரிமையின் விலையைத் தீர்மானிப்பது நம் கண்கள்தான். வருடத்துக்கு ஒரு மேட்ச்சாவது சேர்ந்து போய்ப் பாருங்கள். அதைவிட முக்கியம், அதே பாசத்தில் கொஞ்சத்தை உள்ளூர் மைதானத்துக்குக் கொடுங்கள். ஊரில் நடக்கும் ஃபைவ்ஸ் டோர்னமென்ட்டுக்கு ஒரு ஷீல்டு, பள்ளி அணிக்கு இரண்டு பந்து, கோல் போஸ்ட்டுக்கு ஒரு வலை. அந்த அணியை யாரும் டெல்லிக்குத் தூக்கிக்கொண்டு போகமுடியாது.

ஐ.எஸ்.எல் அணிகளின் பங்குகள் இனியும் கைமாறும். லீக் நடத்தும் விதமே மாறிக்கொண்டிருக்கும்போது அது தவிர்க்க முடியாதது. சென்னையின் எஃப்.சி-யும் என்றைக்காவது ஒரு நாள் வேறு கைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்த நாளுக்கு முன்னால், சென்னை என்ற பெயரும் அந்த நீல நிறமும் விற்பனைக்கு இல்லை என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிவிடவேண்டும். அணி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது, ஓனர் சிரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டால்தான் அது கிடைக்கும். விற்பனைப் பத்திரத்தில் மை காய்ந்த பிறகு கேட்டால் கிடைப்பது அனுதாபம் மட்டும்தான்.